பழைய கணினியும் லினக்ஸும்

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



2025-ஆம் வருஷம் அக்டோபர் 14-ஆந் தேதியுடன் விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோஸாப்ட் கம்பெனியார் நிறுத்திவிட்டனர். விண்டோஸ் 11-க்கோ டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வேண்டும். பழைய கணினிகள் பலவற்றில் அஃதில்லை. ஆதலின், பிள்ளைகளின் படிப்புக்கெனக் கடன்பட்டு வாங்கிய கணினியை, அது நன்கு உழைக்கும்போதே கழித்துவிட நம்மவர் பலர் எண்ணுகின்றனர். அவ்வாறு செய்யவேண்டாவென்று விண்ணப்பிக்கவே யாம் வந்துள்ளோம்.

லினக்ஸின் கரு, 1991-இல் ஹெல்ஸிங்கி சர்வகலாசாலை மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸால் வெளியிடப்பட்டது. அதன்மேல் எழுந்த தொகுப்புகள் பல. புதிதாய்ப் பழகுவோர்க்கு லினக்ஸ் மின்ட் தகும். விலை யாதுமில்லை. 4 ஜி.பி. நினைவகமிருந்தாற் போதும். கட்டளைகளை நெட்டுருச் செய்யவேண்டுமென்ற அச்சம் பழங்கதை.

முதற்காரியம் யாதெனில், குடும்பப் புகைப்படம், பத்திர நகல் முதலிய யாவையும் வேறொரு வட்டிற் பிரதி செய்தலே. நிறுவுங்கால் வட்டு முழுவதையும் அழித்து நிறுவும் தெரிவொன்று தோன்றும். அதனை அறியாது அழுத்தின், கல்யாணப் படங்கள் மீளுமென்று நம்புவதற்கில்லை. பிரதி எடாதவர் மேற்கொண்டு ஓரடியும் வைக்கலாகாது.

பின்னர் 8 ஜி.பி. பென் டிரைவொன்றில் லினக்ஸை எழுதி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கலாம். வட்டில் ஒன்றும் மாறாது. நிச்சயதார்த்தத்துக்கு முன் பெண் பார்ப்பது போலென்க. ஒலி, வைஃபை, பிரின்டர் மூன்றையும் அப்பொழுதே பரீக்ஷிக்க. திரை கறுத்து நிற்குமாயின், சித்திர அட்டையோடு இணக்கமின்மையே பலமுறை காரணமாகும். தொடக்கப் பட்டியலில் ‘காம்பாட்டிபிலிட்டி மோட்’ என்பதைத் தெரிந்து உட்புகலாம். நிறுவியபின் வைஃபை அகப்படாவிடில், கைப்பேசியைக் கம்பியால் இணைத்து இணையம் பெற்று, ‘டிரைவர் மேனேஜர்’ வழியே வேண்டியதைச் சேர்க்கலாம்.

விண்டோஸையும் உடன் வைத்துக்கொள்வார்க்கு இரண்டு விநோதங்கள் நேர்வதுண்டு. விண்டோஸ் பகுதியிலுள்ள கோப்புகளைப் படிக்கலாம், திருத்த இயலாது என்பது ஒன்று. ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்னும் ஏற்பாட்டால் விண்டோஸ் முற்றும் அணையாமல் அரைத்தூக்கங் கொள்வதே காரணம், அதனை நீக்குக. மற்றது, விண்டோஸ் கடிகாரம் 5 மணி 30 நிமிஷம் பிந்திக் காட்டுதல். கடிகாரக்காரரைத் தேடவேண்டா! லினக்ஸ் கணினியின் உட்கடிகாரத்திற் சர்வதேச நேரத்தை வைக்க, விண்டோஸ் அதனையே உள்ளூர் நேரமெனக் கொள்கிறது. லினக்ஸில் ‘டைம்டேட்சிடிஎல்’ என்னுங் கட்டளையால் உள்ளூர் நேரத்தையே வைக்கச் செய்யின் இது தீரும்.

ஐயமுடையோர் கூட்டங் கலைந்தபின் தத்தம் கணினியோடு எம்மிடம் வரலாம். பிரதி எடுத்த வட்டையும் கொணர்ந்து காட்டுதல் வேண்டும்.