கோகோனட் பாம்: மரத்துக்குள்ள கை எப்படி வந்தது?

இந்த எபிசோட்ல ஒரே ஒரு ஆங்கிலச் சொல் தான்: 'கோகோனட் பாம்'. அதாவது தென்னை மரம். என்கூட வேலை பாக்குற, மாண்டரின் சீனம் பேசுற ஒருத்தர் கேட்டார்: "பாம்னா உள்ளங்கை தானே, அது ஏன் மரத்துல இருக்கு?" நியாயமான கேள்வி.

லத்தீன்ல 'பால்மா'ன்னா உள்ளங்கை. விரிச்ச கை மாதிரி ஓலை இருக்குன்னு மரத்துக்கும் அதே பேரை வச்சாங்க. பனை ஓலையை நினைச்சுப் பாருங்க, புரிஞ்சிடும். தென்னங்கீற்று இறகு மாதிரி இருக்கும், கை மாதிரி இல்ல. ஆனா பனை, தென்னை, பாக்கு, ஈச்சை எல்லாம் ஒரே குடும்பம். அதனால 'பாம்'ங்கிறது இப்போ குடும்பப் பேர்.

சீனத்துல தென்னைக்கு 'யேட்ஸு ஷு'. 'ஷு'ன்னா மரம். 'யே'ங்கிற எழுத்தோட இடது பக்கத்துலயே மரத்தைக் குறிக்கிற உறுப்பு இருக்கும். பாத்ததுமே ஏதோ மரம்னு தெரியும். ஆங்கிலத்துல அந்தத் துப்பு கிடையாது.

உச்சரிப்பும் சிக்கல் தான். 'பாம்'னு எழுதும்போது நடுவுல 'எல்' வரும், பேசும்போது பெரும்பாலும் வராது. கடைசியில உதட்டை மூடி 'ம்' சொல்லணும். மரம், பழம்னு தினமும் பேசுற நமக்கு அது சுலபம். மாண்டரின்ல 'ம்'ல முடியுற அசை கிடையாது, 'ன்', 'ங்' தான் உண்டு. அதனால 'பான்'னு வந்துடும்.

அடுத்தது 'கோகோ'. போர்ச்சுகீசியர்கள் தேங்காயோட மூணு கண்ணையும் பாத்து, பூச்சாண்டி முகம் மாதிரி இருக்குன்னு வச்ச பேர் இது. சாக்லேட் செய்யுற கோகோ வேற. அது மெக்சிகோவோட நாவாட்டில் மொழியிலிருந்து, ஸ்பானிஷ் 'ககாவ்' வழியா வந்தது. ஆங்கிலத்துல ரெண்டும் கலந்துடுச்சு. 1755-ல வந்த சாமுவேல் ஜான்சன் அகராதியிலயே ரெண்டு சொல்லும் ஒண்ணா ஒட்டிக்கிச்சு. 1929-ல வந்த மார்க்ஸ் சகோதரர்கள் படத்தோட தலைப்புல கூட தேங்காய்க்கு சாக்லேட் கோகோவோட ஸ்பெல்லிங் தான்!

சீனத்துல இந்தக் குழப்பமே இல்ல. தேங்காய் 'யேட்ஸு', சாக்லேட் கோகோ கிட்டத்தட்ட 'கெ-கெ'. ரெண்டுக்கும் ஒலியிலயோ எழுத்துலயோ சம்பந்தம் கிடையாது.

அதனால சீனம் பேசுறவங்களுக்கு என் யோசனை இது. 'பாம்'னு தனியா மனப்பாடம் பண்ணாதீங்க. நம்ம மூளை ஒரு கீக்கு ஒரே வேல்யூ வைக்கிற டேபிள் கிடையாது. 'கோகோனட் பாம்', 'டேட் பாம்', 'பாம் ஆயில்'னு ஜோடியா கத்துக்கோங்க. 'கோகோனட் ட்ரீ'ன்னு சொன்னாலும் தப்பே இல்ல.

தமிழ் மீடியத்துல படிச்சிட்டு மீட்டிங்ல வாய் திறக்கத் தயங்குறவங்களுக்கும் இதையே சொல்றேன். ஒரு சொல் உங்களைக் குழப்பினா, "எனக்கு இங்கிலீஷ் வராது"ன்னு உடனே முடிவு பண்ணாதீங்க. அகராதி எழுதினவரோட புத்தகத்துலயே குழம்பின சொல் அது. ஏன்னு கேளுங்க.