நிலைக்காலில் ஒரு வசனம்



யூதர்களின் இல்லங்களில் வாசல் நிலைக்காலில் சிறு கூடு ஒன்று பதிக்கப்பட்டிருக்கும். அதனுள் தவ்ராத் வசனங்களைக் கையால் எழுதிய தோற்சுருள் இருக்கும். அதற்கு மெஸூஸா என்று பெயர். இறைவன் ஒருவனே என்பதைப் போகும்போதும் வரும்போதும் நினைவூட்டுவதே அதன் நோக்கம்.

காலப்போக்கில் சிலர் அதில் வானவர்களின் பெயர்களையும் எழுதிக் காவல் தகடாக்கினர். கெய்ரோவில் வாழ்ந்த யூத அறிஞரும் மருத்துவருமான மூஸா இப்னு மைமூன் (மறைவு 1204) இதை வன்மையாகக் கண்டித்தார். ஏகத்துவத்தை உணர்த்தும் கட்டளையைத் தங்கள் உலக நலனுக்கான தாயத்தாக்கிவிட்டனர் என்றார்.

ஆயினும் அவ்வெண்ணம் மறையவில்லை. 1985 ஜூன் மாதம் இஸ்ரேலில் பள்ளிச் சிறார் சென்ற பேருந்தின் மீது ரயில் மோதி 22 பேர் மாண்டனர். அமைச்சராயிருந்த ரப்பி ஒருவர், ஓய்வுநாள் பேணப்படாததையும் மெஸூஸாக்களின் குறைபாட்டையும் காரணமாகச் சுட்டினார். கடும் எதிர்ப்பு எழுந்தது.

பிள்ளையைப் பறிகொடுத்த தாயைச் சிந்தித்துப் பாருங்கள். 'ஏன்?' என அவள் கேட்பது இறைமறுப்பன்று; துயரத்தின் குரல். அதற்கு ஓர் எழுத்துப் பிழையைப் பதிலாகத் தந்தால், அவள் தன்னையே வெறுப்பாள். அல்லது இறைவனை வெறுப்பாள்.

நம் வாசலையும் நோக்குவோம். அங்கே தொங்கும் வசனம் நம்மைத் திருத்துகின்றதா? நம் அச்சத்திற்குக் காவல் மட்டும் நிற்கின்றதா? துயருற்றோர் இல்லம் செல்லும்போது காரணம் கூறாதீர்கள். கரம் பற்றி அமருங்கள். காரணங்களை அறிந்தவன் இறைவன் ஒருவனே.

வல்ல அல்லாஹ் நமக்குத் தெளிவையும் கனிவையும் நல்குவானாக!