பாட்டுக்கு உடுப்பு

(பழைய மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். சாம்பார் வாசனை வந்துவிட்டது. அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

போன வருஷம் நம் கல்லூரி மாணவர்கள் சிலர் ஒரு பாட்டுப் படம் எடுத்தார்கள். நான்கு நிமிஷம். பாட்டு, மெட்டு, கேமரா எல்லாம் அவர்களே. திருமானூர் பாலத்தடியில் கொள்ளிடத்து மணலிலும், பக்கத்து நடவு வயல்களிலும் எடுத்தது. நான் படத்தொகுப்பு வேலையில் இருப்பவன் என்பதால், "அண்ணே, நீங்க கூட இருங்க" என்றார்கள். இருந்தேன். அந்த நான்கு நிமிஷம் எனக்குக் கற்றுக் கொடுத்ததைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

உடை என்பது ஒரு பேச்சு. இதை நம் வட்டாரத்துக்காரர்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்தில் ஏலாக்குறிச்சி இருக்கிறது. 1680ல் இத்தாலியில் பிறந்த பெஸ்கி பாதிரியார் இங்கே வந்து காவி கட்டி, தமிழ்த் துறவிக் கோலத்தில் நடமாடி, வீரமாமுனிவர் ஆனார். தேம்பாவணி பாடுவதற்கு முன்பே அவருடைய உடுப்பு ஜனங்களிடம் பேசியிருக்கும். வாய் திறப்பதற்கு முன்னால் வேட்டி பேசிவிடும், சார்!

சரி, படத்துக்கு வருவோம். பாட்டில் நடவு நடும் பெண்கள் வருகிறார்கள். அதற்கு உடை வேண்டும். தஞ்சாவூர் போய் வாடகைக்கு எடுத்து வந்தார்கள். பச்சைப் பாவாடை, சிவப்புத் தாவணி, கையில் கண்ணாடி வளையல். புதுசாக இருக்கிறதே என்று டீத்தண்ணியைத் தெளித்துக் கொஞ்சம் அழுக்கும் ஆக்கினார்கள். "பிரமாதம்" என்று சொன்னவன் நான்தான். அந்தப் பழியை வேறு யார் மேலும் போட முடியாது.

படப்பிடிப்பு முடிந்து, ஒரு மாணவி அதைத் தன் வீட்டில் போட்டுக் காட்டினாள். அவள் அம்மா நடவு வேலைக்குப் போகிறவர். பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: "ஏன்டி, நான் நடவுக்குப் போறப்ப உங்கப்பா சட்டையப் போட்டுக்கிட்டுத்தானே போவேன்? இதுல ஆடுறது யாரு?"

எங்கள் அத்தனை பேருக்கும் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. சேற்றில் இறங்குகிற நம் பெண்கள் சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை போடுவார்கள், தலையில் துண்டு கட்டுவார்கள். பயிர் கையை அறுக்காமல் இருக்க, வெயில் முதுகைச் சுடாமல் இருக்க. தினமும் பஸ்ஸில் போகும்போது பார்க்கிற காட்சி இது. கேமராவைத் தூக்கியதும் மறந்துபோச்சு. ஏன் மறந்தது?

இங்கேதான் ஊடகக் கோட்பாடு கை கொடுக்கிறது. பிரான்ஸ் நாட்டு ரோலான் பார்த் 1957ல் 'மித்தாலஜீஸ்' என்ற நூலை வெளியிட்டார். அதில் ஒரு பத்திரிகை அட்டையை எடுத்துப் பேசுகிறார். பிரெஞ்சு ராணுவ உடுப்பில் ஒரு கறுப்பினச் சிறுவன் சல்யூட் அடிக்கிறான். கண்ணுக்குத் தெரிவது அவ்வளவுதான். ஆனால் "எங்கள் சாம்ராஜ்யத்தில் நிற வேற்றுமையே இல்லை" என்ற கதையை அந்த உடுப்பு சத்தமில்லாமல் சொல்லிவிடுகிறது. நம்முடைய பச்சைப் பாவாடையும் அதே ஜாதிதான். "கிராமம் என்றால் குதூகலம், நடவு என்றால் ஆட்டம்" என்ற சினிமாக் கதையை நாங்கள் யோசிக்காமல் எடுத்து மாட்டிவிட்டோம்.

இன்னொருவர் ஸ்டூவர்ட் ஹால். ஜமைக்காவில் பிறந்து இங்கிலாந்தில் பணியாற்றியவர். 1973ல் அவர் சொன்னது: படம் எடுக்கிறவன் ஒரு பொருளை உள்ளே வைக்கிறான், பார்க்கிறவன் அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், பாதி ஏற்று பாதி தள்ளலாம், முழுக்க எதிர்த்தும் படிக்கலாம். அந்த அம்மா ஹாலைப் படித்ததில்லை. ஆனால் மூன்றாவது வகை வாசிப்பை ஒரே கேள்வியில் செய்து காட்டிவிட்டார்.

மறுநாளே பசங்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. "அண்ணே, மறுபடி எடுப்போம். நிஜமான நடவு, நிஜமான சட்டை. அந்த அம்மாவையே நடிக்க வைப்போம்." எல்லோருமாக வீட்டுக்குப் போனோம். டீ கொடுத்தார். விஷயத்தைச் சொன்னோம். சிரித்துக்கொண்டே கேட்டவர், கடைசியில் தலையை ஆட்டினார்.

"வேலைக்குப் போற சட்டையோட ஊரு பூரா என்னையப் பாக்கணுமா தம்பி? மாட்டேன். எம்மவ காதுகுத்துக்கு எடுத்த சேல இருக்கு. அதக் கட்டிக்கிட்டு வரச் சொன்னா வர்றேன்."

இதைத்தான் யாரும் எதிர்பார்க்கவில்லை. உண்மை வேண்டும் என்று போனோம். அவருக்கோ மரியாதை வேண்டியிருந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் சண்டை. "சேலையில் வந்தால் பொய்யாகிவிடும்" என்று ஒரு கட்சி. "அவங்க விருப்பத்தை மீறி எடுத்தா அது திருட்டு" என்று அந்த மாணவியின் கட்சி.

நண்பர்களே, இந்தச் சண்டை நம் நாட்டில் பழைய சண்டை. 1921 செப்டம்பர் 22ல் மதுரையில் காந்தியடிகள் மேல்சட்டையைக் களைந்து அரைவேட்டிக்கு மாறினார். ஏழையோடு ஏழையாக நிற்க அவர் தேர்ந்த கோலம் அது. அண்ணல் அம்பேத்கரோ கோட்டும் சூட்டுமாக நின்றார். ஒருவர் கழற்றினார், ஒருவர் அணிந்தார். சட்டை போட உரிமை உள்ளவன் கழற்றினால் அது தியாகம். போடவே விடாமல் தடுக்கப்பட்டவன் அணிந்தால் அது உரிமை. தெற்கே தோள்சீலைக்காகப் பெண்கள் அடிபட்டுப் போராடி, 1859ல்தான் திருவிதாங்கூர் அரசு இறங்கி வந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

நம் காலத்து உதாரணமும் உண்டு. 2018 ஜனவரி 6ல் சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு முதல் கச்சேரி நடத்தியது. இயக்குநர் பா. ரஞ்சித் முன்னின்று உருவாக்கிய குழு. கானா பாடுகிறவர்கள், பறை அடிக்கிறவர்கள், ராப் பாடுகிறவர்கள் எல்லோரும் சாம்பல் நிறக் கோட்டு சூட்டில் மேடையேறினார்கள். கானாக்காரன் என்றால் லுங்கி என்று சினிமா பழக்கி வைத்திருந்த கண்ணுக்கு அது ஓர் அதிர்ச்சி. ஒரு வரி பாடுவதற்கு முன்னால் பாதிச் சேதியை அந்தக் கோட்டு சொல்லிவிட்டது. மூன்று வருஷம் கழித்து, 2021 மார்ச்சில் வந்த 'என்ஜாய் எஞ்சாமி' படத்தில், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளையே காட்சிக்குள் கொண்டு வந்தார் பாடகர் அறிவு.

இதையெல்லாம் பேசிப் பேசித்தான் வழி பிறந்தது. ஆண்ட்ரூ குட்வின் 1992ல் எழுதிய நூலில், பாட்டுப் படத்தில் காட்சிக்கும் பாட்டுக்கும் மூன்று வித உறவு உண்டு என்கிறார். காட்சி பாட்டை அப்படியே விளக்கலாம், அதைப் பெருக்கலாம், பாட்டுக்குச் சம்பந்தமில்லாமல் விலகி நிற்கலாம். நாங்கள் முதலில் செய்தது வெறும் விளக்கம். பாட்டில் நடவு என்றால் படத்திலும் நடவு. அதுவும் தப்பான நடவு!

இரண்டாம் முறை இப்படிச் செய்தோம். வயலைத் தூரத்திலிருந்து எடுத்தோம். முகம் தெரியாது, சட்டை போட்ட முதுகுகள் வரிசையாகக் குனிந்து நிமிர்வது மட்டும் தெரியும். அதற்கும் அந்தப் பெண்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டோம். கொடியில் காயும் சட்டையைத் தனியாக ஒரு காட்சி எடுத்தோம். கடைசி இருபது விநாடி, அந்த அம்மா காதுகுத்துச் சேலையில், தன் வீட்டுத் திண்ணையில், நாற்காலி போட்டு உட்கார்ந்து நேரே கேமராவைப் பார்க்கிறார். சிரிக்கவில்லை. ஆடவில்லை. பார்க்கிறார், அவ்வளவுதான். சினிமாவில் பெண் பார்க்கப்படுகிறவளாகவே இருக்கிறாள் என்று லாரா மல்வி 1975ல் எழுதினார். இங்கே நம்மைப் பார்க்கிறவர் அவர்.

கல்லூரியில் போட்டுக் காட்டினோம். கைதட்டல் வந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், குறையும் வந்தது. "கடைசியில் வர்ற அம்மா கல்யாண வீட்டுக்குக் கிளம்பின மாதிரி இருக்காங்களே, எதுக்கு?" என்று ஒரு பையன் கேட்டான். ஹால் சொன்னது சரிதான். பார்க்கிறவன் மனசுக்குப் பூட்டுப் போட முடியாது. ஆனால் அந்த அம்மா இரண்டு தடவை போடச் சொல்லிப் பார்த்தார். "இது நான்" என்றார். எனக்கு அது போதும்.

மாணவச் செல்வங்களே, இன்று உங்கள் எல்லோர் பையிலும் கேமரா இருக்கிறது. என் காலத்தில் ஊர் முழுக்க ஒரு ஸ்டூடியோ, அதில் ஒரு கேமரா. அதனால் உங்களுக்கு என்னைவிடப் பொறுப்பு ஜாஸ்தி. ஒருவருக்கு உடுப்பு மாட்டுவதற்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த உடை எங்கிருந்து நம் மனசுக்கு வந்தது, வயலிலிருந்தா, சினிமாவிலிருந்தா? இதைப் போட்டுக்கொள்கிறவர் இதற்குச் சம்மதித்தாரா? படத்தைப் பார்க்கும்போது அவர் வீட்டார் தலை நிமிர்வார்களா, குனிவார்களா? கோட்பாட்டுப் புத்தகங்கள் எல்லாம் இந்தக் கேள்விகளைக் கூர்மையாக்கத்தான். பதில் திண்ணையில்தான் கிடைக்கும்.

வாடகைக்கு எடுத்த அந்தப் பச்சைப் பாவாடையைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, டீக் கறைக்காகத் தனியாகக் காசு பிடித்துக்கொண்டார்கள். அந்தத் தண்டத்தை நான்தான் கட்டினேன். படித்த பாடத்துக்கு அது மலிவான ஃபீஸ்!

பந்தியில் சந்திப்போம்.