தப்பு நின்றால் கூத்தும் நின்றுவிடும்

(தோட்டத் தலைவர்களும் மாதர் அணியினரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், வீடு, காணி என்று பேசுகிற இடத்தில் இன்று நமது கூத்தையும் பாட்டையும் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். "இதற்கும் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் நினைக்கலாம். சம்பந்தம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நம்முடைய மலையகத்தில் மூன்று பெரிய கூத்துகள் உண்டு. காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு. மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் காமன் ஊன்றினால், பௌர்ணமியில் சிவன் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரியும்வரை தோட்டமே விழித்திருக்கும். ரதி அழும்போது லயத்துப் பெண்களும் சேர்ந்து அழுவார்கள். பொன்னர் சங்கரில் அண்ணன்மார் படுகளத்தில் விழுவதும், தங்கை தேடி வந்து அவர்களை எழுப்புவதும் நமக்குத் தெரிந்த கதை. அது கொங்கு நாட்டுக் கதை. சேலம், திருச்சி, மதுரை, தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்த நம் பாட்டன் பூட்டன்மார் மூட்டையோடு மூட்டையாக இந்தக் கதைகளையும் கொண்டுவந்தார்கள். மூட்டை கிழிந்துபோனது, கதை கிழியவில்லை.

இதை ஆடியவர்கள் யார்? பகலெல்லாம் கவ்வாத்து வெட்டியவர்கள், மருந்து அடித்தவர்கள், கான் வெட்டியவர்கள். அவர்களில் பலருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் ஓர் இரவு முழுவதும் பாடுவதற்கான பாட்டு அவர்கள் தலைக்குள் இருந்தது. பெருவிரல் ரேகை வைத்தார்கள் என்பதற்காக அவர்களைப் படிக்காதவர்கள் என்று சொல்ல, பாடசாலையில் படிப்பிக்கிற எனக்கு வாய் வராது.

கூத்தைவிட்டுப் பாட்டுக்கு வருவோம். தோட்டத்தில் எப்போதும் கணக்கு எழுதியது யார்? துரை எழுதினார், கணக்கப்பிள்ளை எழுதினார், கங்காணி எழுதினார். எத்தனை இறாத்தல் கொழுந்து, யாருக்கு அரைப்பேர், யாருக்கு எவ்வளவு கடன் என்பதெல்லாம் அவர்கள் புத்தகத்தில் இருந்தது. நமக்குப் புத்தகம் இல்லை. அதனால் நம் பெண்கள் பாட்டில் எழுதினார்கள். காட்டு வழியாக நடந்து வந்தது, அட்டைக் கடி, குளிர், கங்காணியின் கெடுபிடி, அரைப்பேர் போட்ட அநியாயம், பிள்ளையை விட்டுவிட்டு மலைக்குப் போகிற தாயின் வேதனை எல்லாம் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் கும்மியிலும் இருக்கின்றன. துரையின் புத்தகத்தில் நாம் வெறும் எண். நம் பாட்டில்தான் நாம் ஆட்கள்.

இதன் பெறுமதியை நன்றாக உணர்ந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்தவர். 1947 ஆம் ஆண்டு தலவாக்கலைத் தொகுதியில் வென்று பாராளுமன்றம் போனவர், தொழிற்சங்கத் தலைவர். அப்படிப்பட்டவர் தோட்ட மக்களிடம் பாட்டுக் கேட்டு எழுதி வைத்தார். அவர் 1984 இல் காலமான பிறகு, 1987 இல் "மலைநாட்டு மக்கள் பாடல்கள்" புத்தகமாக வந்தது. அவர் எழுதி வைக்காமல் விட்டிருந்தால் அந்தப் பாட்டுகளில் எத்தனை இன்று நம்மிடம் இருக்கும்?

அவருக்கும் முன்னால், 1930களில், கோ. நடேசய்யரோடு சேர்ந்து சங்கம் கட்டிய மீனாட்சி அம்மாளை நினைத்துப் பாருங்கள். கூட்டத்தில் அவர் பாட்டுப் பாடுவார். ஜனம் நின்று கேட்கும். பிறகுதான் பேச்சு. வாசிக்கத் தெரியாத மக்களிடம் துண்டுப் பிரசுரத்தைவிடப் பாட்டு வேகமாகப் போகும் என்பது அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். காமன் கூத்து நடத்த என்ன வேண்டும்? வீட்டுக்கு வீடு வரி வசூலிக்க வேண்டும். அந்தக் காசுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். யார் ரதி, யார் மன்மதன், யார் வீரபத்திரன் என்று சண்டை வராமல் தீர்மானிக்க வேண்டும். விரதம் காக்க வேண்டும். துரையிடம் போய் லீவு கேட்க வேண்டும். மேல் கணக்கும் கீழ் கணக்கும் ஒன்றாக நிற்க வேண்டும். இவ்வளவையும் தோட்ட மக்கள் தாங்களாகவே செய்தார்கள். சங்கம் வருவதற்கு முன்னாலேயே சங்கம் நடத்தும் பழக்கம் நமக்கு அங்கிருந்துதான் வந்தது என்று நான் சொல்வேன்.

இப்போது அது ஏன் தளர்ந்துபோகிறது? காரணங்கள் பல. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு எத்தனையோ குடும்பங்கள் கப்பலேறின. கூத்து மாஸ்டர் போனால் அவர் தலையில் இருந்த பாட்டும் கூடவே போய்விடும். இன்று இளம் பிள்ளைகள் கொழும்புக் கடைகளில் நிற்கிறார்கள். பௌர்ணமிக்கு வருவார்கள், பதினைந்து நாள் ஒத்திகைக்கு அவர்களால் நிற்க முடியாது. இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான்.

யாரும் மேடையில் சொல்லாத காரணம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் போனால் நான் இங்கே பேசி என்ன பயன்? தப்பு இல்லாமல் நமக்குக் கூத்து இல்லை. காமனுக்கும் தப்பு, திருவிழாவுக்கும் தப்பு, சாவுக்கும் தப்பு. விடியற்காலையில் பெரட்டுக்கு எழுப்பியதும் தப்புதான். ஆனால் தப்பு அடிக்கிறவரை நாம் எங்கே நிறுத்தினோம்? சாப்பாட்டுப் பந்தியில் கடைசியில். சில இடங்களில் பந்திக்கு வெளியில். அடி கேட்டு ஆடிய அதே கால், அடித்தவர் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அந்த வீட்டுப் பிள்ளை பாடசாலையில் கேலிப்பேச்சுக் கேட்டு வளர்ந்தான். தகப்பன் தப்பை நீட்டினால் அவன் வாங்குவானா? வாங்க மாட்டான். அவனைக் குறை சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை.

கலை அழிகிறது என்று டிவியைக் குறை சொல்கிறோம், போனைக் குறை சொல்கிறோம். பாதியை நாமேதான் அழித்தோம், சாதி பார்த்து அழித்தோம். சந்தாப் புத்தகத்தில் எல்லோரும் சமம், கூத்துக் களத்தில் சமம் இல்லை என்றால் அது என்ன சங்கம்?

ஆகவே நான்கு காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

ஒன்று, அடுத்த மாசிக்குக் காமன் ஊன்றுகிற தோட்டங்களில் தப்புக் கலைஞர்கள் கூத்துக் கமிட்டியில் உட்கார வேண்டும். கூலி முன்கூட்டியே பேசிக் கையில் கொடுக்கப்பட வேண்டும். பந்தி ஒரே பந்தியாக இருக்க வேண்டும். தப்பு பழக எந்த வீட்டுப் பிள்ளை வந்தாலும் பழக்க வேண்டும். எல்லார் வீட்டுப் பிள்ளையும் அடித்தால்தான் அது ஒரு சாதியின் அடையாளமாக இல்லாமல் நம் எல்லோருடைய வாத்தியமாக மாறும்.

இரண்டு, ரதி வேஷத்தை இவ்வளவு காலம் ஆண்கள்தான் கட்டினார்கள். பாட விரும்புகிற பெண் பிள்ளைக்கு இனி இடம் விடுங்கள். அழுகைப் பாட்டை வீட்டில் காப்பாற்றிக் கொடுத்தவர்கள் பெண்கள்தானே?

மூன்று, உங்கள் கையில் இருக்கிற போனிலேயே வீட்டுப் பாட்டியின் பாட்டைப் பதிவு செய்யுங்கள். முதலில் அவரிடம் சம்மதம் கேளுங்கள். பெயர், தோட்டம், டிவிசன், திகதி எல்லாவற்றையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். அவர் சொல்கிற சொல்லைத் திருத்தாதீர்கள். "இது கொச்சை" என்று எந்த வாத்தியாராவது சொன்னால் அவரை என்னிடம் அனுப்புங்கள். ஒப்பாரியை மட்டும் கட்டாயப்படுத்திக் கேட்க வேண்டாம். சாவு இல்லாத வீட்டில் அதைப் பாடப் பலருக்கு மனம் வராது.

நான்கு, பிள்ளைகளின் தமிழ்ப் பாடத்தில் நாட்டார் பாடல் வருகிறது. அந்த நாளில் தோட்டத்துப் பெரியவர் ஒருவரை வகுப்புக்கு அழைப்போம். ஆசிரியர் நாற்காலியில் அவர் உட்காரட்டும். தன் தாத்தாவுக்கு வாத்தியார் எழுந்து நிற்பதைப் பார்க்கிற பிள்ளை, தான் லயத்துப் பிள்ளை என்று சொல்லக் கூசாது.

2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நம் மக்கள் நடந்தார்கள், இருநூறு வருட வரலாற்றை நாடு அறிய வேண்டும் என்று. அந்த வரலாற்றுக்குச் சாட்சி கேட்டால் காட்டுவதற்கு நம்மிடம் கல்வெட்டு இல்லை. பாட்டு இருக்கிறது, கூத்து இருக்கிறது, அவற்றைத் தெரிந்தவர்கள் இன்னும் சிலர் நம் லயங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வயது எழுபதும் எண்பதும் ஆகிறது. சம்பள நிலுவையைப் பிறகு கேட்டும் வாங்கலாம். இந்த நிலுவையைப் பிறகு யாரிடம் போய்க் கேட்பது?

இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் லயத்தில் தப்பு அடிக்கத் தெரிந்தவர் யார், பாடத் தெரிந்த அம்மா யார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்குச் சந்தாப் புத்தகத்தோடு அந்தத் தாளையும் கொண்டுவாருங்கள்.