நிபந்தனையின் பேரில் ஒரு மாணவி



இன்று நான் பேச வந்திருப்பது கமலா சோஹோனி என்ற வேதியியலாளரைப் பற்றி. மராட்டியப் பெண்மணி. அவருக்கும் நம் காரைக்காலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பா அறுவடைக்குப் பத்து நாள் இருக்கும்போதே ஈர வயலில் உளுந்தையும் பச்சைப்பயறையும் தெளித்துவிடுகிறோமே, அந்தப் பயறு வகைகளுக்குள் இருக்கும் புரதத்தை ஆராய்ந்தவர் அவர். நம் கடற்கரைப் பனை தருகிற பதநீரைப் போன்ற நீராவை ஆராய்ந்தவரும் அவரே. நம் வயலுக்கும் பனைக்கும் வேண்டியவர் என்றால் நமக்கும் வேண்டியவர்தானே!

1911இல் பிறந்தார். தந்தையும் தந்தையின் சகோதரரும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் படித்த வேதியியலாளர்கள். மராட்டி இலக்கியத்தில் பெரும் பெயர் பெற்ற துர்கா பாகவத் இவருடைய அக்கா. வேதியியலை முதற்பாடமாக எடுத்து 1933இல் பம்பாயில் பி.எஸ்சி. முடித்தார். வீட்டுப் பெரியவர்கள் படித்த அதே பெங்களூர்க் கழகத்துக்கு விண்ணப்பம் போட்டார். கிடைக்காது என்று அவர் நினைக்கவே இல்லை. மதிப்பெண் கையில் இருந்தது.

இடம் இல்லை என்று பதில் வந்தது. காரணம், அவர் பெண். பதில் சொன்னவர் கழகத்தின் இயக்குநர் சர் சி.வி. ராமன்.

அன்பர்களே, ராமன் நம்மவர். திருச்சியில், காவிரிக் கரையில் பிறந்தவர். 1930இல் நோபல் பரிசு பெற்று இந்த நாட்டையே தலைநிமிர வைத்தவர். அவர் பெயரைக் கேட்டால் எனக்கும் பெருமிதம் பொங்கும். ஆனாலும் தமிழ் மேடையில் நின்று நாம் சொல்லியாக வேண்டும்: அன்று அந்தப் பெண்ணுக்கு அவர் செய்தது அநீதி. மேதைமை ஒருவருடைய எல்லாச் செயலுக்கும் நியாயம் ஆகிவிடாது.

கமலா விட்டுவிடவில்லை. பெங்களூருக்கே போய், இடம் தராமல் நகரமாட்டேன் என்று சத்தியாகிரகம் செய்தார். ராமன் இறங்கி வந்தார், நிபந்தனைகளோடு. முதல் ஓராண்டு கமலா சோதனை மாணவி. ஆராய்ச்சியின் தரம் இயக்குநருக்குத் திருப்தி தந்தால்தான் அங்கீகாரம். இவை இரண்டையும் ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம். அவர் இருப்பதால் ஆண்களின் கவனம் சிதறக்கூடாது என்பது அடுத்த நிபந்தனை. ஆண்களின் கவனத்துக்குப் பொறுப்பு அந்த இளம்பெண்ணாம்! இந்த நிபந்தனையை எத்தனை வீட்டில், எத்தனை அலுவலகத்தில் இன்றைக்கும் வேறு வார்த்தையில் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று தாய்மார்கள் யோசித்துப் பாருங்கள்.

பேராசிரியர் ஸ்ரீநிவாசய்யா என்ற கண்டிப்பான ஆசிரியரிடம் அவர் வேலை கற்றார். பாலிலும் பருப்பு, பயறுகளிலும் உள்ள புரதங்களைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தார். இறைச்சி வாங்க வழியில்லாத கோடிக்கணக்கான குடும்பங்களுக்குப் பருப்புதான் புரதம். 1936இல் சிறப்புத் தகுதியோடு எம்.எஸ்சி. பட்டம் பெற்றார். ராமனுக்கு ஐயம் தீர்ந்தது. அதற்குப் பிறகு அந்தக் கழகத்தில் பெண்களுக்கு இடம் கிடைத்தது. ஆனாலும் ஒரு பெண் என்பதற்காக ராமன் தன்னை நடத்திய விதத்தைத் தன்னால் மறக்க முடியாது என்று கமலா தம் முதிய வயதிலும் வெளிப்படையாகச் சொன்னார். மறந்துவிடுங்கள் என்று அவருக்குச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

இதே காலத்தில் அமெரிக்காவில் பெர்சி ஜூலியன் என்ற கறுப்பின வேதியியலாளர் இருந்தார். அடிமையாக இருந்தவரின் பேரன். 1923இல் ஹார்வர்டில் முதுகலை முடித்தார். படித்துக்கொண்டே பாடம் நடத்தும் பணியைத் தர மறுத்ததால் அங்கே மேலே படிக்க வழியில்லை. கறுப்பர் பாடம் நடத்தினால் வெள்ளை மாணவர்கள் ஏற்கமாட்டார்களாம். கடல் தாண்டி வியன்னா போய் 1931இல் முனைவர் பட்டம் வாங்கினார். கண் அழுத்த நோய்க்கான பைசோஸ்டிக்மைன் என்ற மருந்தை 1935இல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிக் காட்டினார். அந்த மருந்து இயற்கையில் கிடைப்பது ஆப்பிரிக்கக் காலபார் அவரையில். பிறகு சோயா மொச்சையிலிருந்து ஹார்மோன் மருந்துகள் செய்ய வழி கண்டார். 1950இல் வெள்ளையர் பகுதியில் அவர் வீடு வாங்கியபோது அந்த வீட்டுக்கே தீ வைத்தார்கள். கமலாவுக்குத் தடை பெண் என்பது, ஜூலியனுக்குத் தடை தோலின் நிறம். இரண்டு பேருக்கும் சோறு போட்டதும் பெயர் கொடுத்ததும் அவரையும் பயறும்தான். இவர்கள் இருவரையும் நான் சேர்த்தே நினைக்கிறேன்.

கமலா கேம்பிரிட்ஜ் போனார். உருளைக்கிழங்கில் வேலை செய்து, உயிரணு மூச்சுவிடத் துணைசெய்யும் சைட்டோகுரோம் சி என்ற பொருள் தாவரங்களிலும் உண்டு என்று காட்டினார். ஆய்வேடு நாற்பதே பக்கம். 1939இல் முனைவர் பட்டம். அவருக்கும் முன்பே, இந்தியத் தாவரவியலாளர் ஜானகி அம்மாள் 1931லேயே மிச்சிகனில் தாவரவியலுக்காக டி.எஸ்சி. வாங்கியிருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். இந்த வரிசையில் பெண்கள் பலர் உண்டு, பாடப்புத்தகத்தில்தான் காணோம்.

வெளிநாட்டிலேயே இருந்திருக்கலாம். திரும்பி வந்தார். டெல்லியில் பணி செய்த பிறகு நம் நீலகிரியில், குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் உதவி இயக்குநராக வைட்டமின்களை ஆராய்ந்தார். திருமணத்துக்குப் பின் பம்பாய் அறிவியல் கழகத்தில் பேராசிரியர். அங்கே மாணவர்களோடு சேர்ந்து, வேகவைக்காத பயறு வகைகளில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்களை ஆராய்ந்தார். டிரிப்சின் என்ற செரிமான நொதியை அவை வேலை செய்ய விடுவதில்லை. வேகவைத்தால் பெரும்பாலும் அழிந்துவிடும். பருப்பை நன்றாக வேகவிடு என்று அம்மா சொல்வதற்கு ஆய்வுக்கூடம் தந்த காரணம் இது.

குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் யோசனையின் பேரில் அவர் நீராவை எடுத்துக்கொண்டார். சாற்றைப் புளிக்கவிட்டால் கள். கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கினால் பதநீர். இது நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும். புளிக்காத அந்தச் சாற்றில் வைட்டமின்களும் இரும்புச் சத்தும் இருப்பதையும், வெல்லமாகக் காய்ச்சிய பிறகும் அவை நிற்பதையும் அவர் கண்டார். சத்துக் குறைந்த பழங்குடிப் பிள்ளைகளுக்கும் கருவுற்ற தாய்மார்களுக்கும் கொடுத்தபோது உடல் தேறியது. இதற்காக ராஷ்டிரபதி விருது கிடைத்தது.

இவ்வளவு செய்தவருக்கு அந்தப் பம்பாய்க் கழகத்தின் இயக்குநர் பதவி நான்கு ஆண்டு தள்ளிப்போனது. காரணம் மறுபடியும் பெண் என்பதே. 1966இல் கலப்படத்தை எதிர்த்து நுகர்வோர் வழிகாட்டும் சங்கத்தைத் தொடங்கிய ஒன்பது பெண்களில் அவரும் ஒருவர். 1998இல் டெல்லியில் அவருக்கு நடந்த பாராட்டு விழாவிலேயே மயங்கி விழுந்தார். அதன் பின் விரைவிலேயே காலமானார்.

நம் ஊரில் அவ்வையார் பெயரில் பெண்களுக்கு அரசுக் கல்லூரி இருக்கிறது. பயறையும் நெல்லையும் ஆராய வேளாண் கல்லூரி இருக்கிறது. பெற்றோர்களே, வேதியியலில் எம்.எஸ்சி. முடித்த பெண்ணிடம், படித்தது போதும், வரன் வந்திருக்கிறது என்று சொல்லிவிடாதீர்கள். சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் இளநிலை ஆய்வாளராகத் தேறினால் அரசு மாதாமாதம் உதவித்தொகை கொடுத்துப் படிக்க வைக்கிறது. உங்கள் பணம் வேண்டியதில்லை, உங்கள் சம்மதம் போதும். மாணவிகளே, யாராவது நிபந்தனை போட்டால் அதை எழுத்தில் கேளுங்கள். இடம் இல்லை என்று சொன்னால் காரணத்தையும் கேளுங்கள். அடுத்த விண்ணப்பத்தை இந்த வாரமே போடுங்கள்.