இலக்கியம் தரும் இன்பமும் பயனும்

(புத்தளம் கரையோரக் கிராமமொன்றின் வாசிகசாலைக் கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



"இலக்கியம் படித்தால் அடுப்பு எரியுமா?" என்று கேட்போர் உண்டு. உப்பளத்தில் வெயில் காய்பவரும், கற்பிட்டி மணலில் வெங்காயப் பயிருக்கு நீர் இறைப்பவரும் அவ்வாறு கேட்பது குற்றமன்று. நேர்மையான கேள்விக்கு நேர்மையான விடையே தகும். இலக்கியத்தால் அடுப்பு எரியாது. ஆனால் உழைத்துக் களைத்த மனிதனுக்கு அது இன்பம் தரும். அந்த இன்பத்தின் வழியே அவன் அறிவையும் கூர்மையாக்கும்.

உடப்புக் கிராமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திரௌபதை அம்மன் ஆலயத்தில் ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் 18 நாள் விழா நடைபெறுகிறது. தீமிதிப்பு அதன் சிகரம். பாரதத்தை ஏட்டில் படித்தறியாத மீனவரும் அக்கதையை அறிவர். அதில் ஓரிடம். சூதிலே தருமன் முதலில் தன்னைத் தோற்றான். பின்னர் மனைவியைப் பணயம் வைத்தான். அவையில் நிறுத்தப்பட்ட திரௌபதை ஒரு கேள்வி கேட்டாள்: தன்னையே இழந்து அடிமையானவனுக்கு என்னைப் பணயம் வைக்க உரிமை ஏது? பீட்டுமனும் தெளிவான விடை கூற இயலாது தடுமாறினான். விகர்ணன் எழுந்து அவளுக்காக நியாயம் பேசினான்.

உரித்தில்லாதவன் எழுதிக்கொடுத்த காணி உறுதி செல்லுமா என்று நீதிமன்றத்தில் நாங்கள் நாட்கணக்காக வாதாடுகிறோம். அந்த நியாயத்தின் வேரைக் கடற்கரை மணலில் அமர்ந்து கதை கேட்ட பாட்டி அறிந்திருந்தாள். அவள் சட்டம் கற்கப் போகவில்லை. அந்தப் பெண்ணுக்கு என்ன நேருமோ என்ற துடிப்போடு கதை கேட்கப் போனாள். இன்பத்தை நாடிச் சென்றவளுக்கு நீதியுணர்வும் உடன் கிட்டியது.

சிலப்பதிகாரத்தை இருபது வயதில் படித்தபோது கண்ணகியோடு சேர்ந்து நானும் சினந்தேன். நாற்பதைக் கடந்து படிக்கும்போது பாண்டியனுக்காகவும் இரங்குகிறேன். பொற்கொல்லன் சொல்லை நம்பினான். கோவலனை அழைத்து ஒரு வார்த்தை கேளாமல் கொல்லப் பணித்தான். சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்தபோது தன் பிழை உணர்ந்து உயிர் துறந்தான். எதிர்த்தரப்பைக் கேளாமல் தீர்ப்பளிக்கக் கூடாதென்பதை இதனினும் ஆழமாக எந்தச் சட்டநூலும் எனக்குக் கற்பிக்கவில்லை. நூல் மாறவில்லை, படிக்கும் நாம் வளர்கிறோம். வளர்ந்த அளவுக்குப் புதிது தருவதே பெருநூல்.

"எங்களுக்கு நேரமில்லை" என்பார் என் போன்ற உத்தியோகத்தர். இக்கரையிலேயே அதற்கு விடை இருக்கிறது. 1807இல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி சட்டநிரூபண சபையில் அங்கம் வகித்தார்; சிலாபத்தில் நீதிபதியாகவும் கடமையாற்றினார். வழக்கேடுகளைப் பார்த்த அதே கண்களால் தமிழ்ப் புலவர்களைத் தேடிப் படித்தார். ஏறத்தாழ 200 புலவர்களின் வரலாற்றை 'தமிழ் புளூட்டாக்' என ஆங்கிலத்தில் எழுதி 1859இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டே மறைந்தார். அவரினும் நமக்கு வேலை மிகுதியா?

இன்னொரு பயனும் உண்டு. இக்கரையில் இந்துவும் முஸ்லிமும் கத்தோலிக்கரும் அயலவராய் வாழ்கிறோம். பாரதத்தோடு, உமறுப்புலவரின் சீறாப்புராணமும், வீரமாமுனிவர் 1726இல் நிறைவு செய்த தேம்பாவணியும் நம் மொழியின் காப்பியங்களே. அயலான் போற்றும் நூலை ஒருமுறை படித்தவன் அவனைச் சந்தேகிக்குமுன் சற்று நின்று சிந்திப்பான்.

நிற்க. சிலாபத்திலிருந்து நீர்கொழும்பு வரை, முன்பு தமிழ் பேசிய குடும்பங்கள் பலவற்றில் இன்று பேரப்பிள்ளைகள் தமிழ் அறியார். பள்ளியின் மொழி மாறியது. பின்னர் வீட்டின் மொழியும் மாறியது. சிங்களம் கற்றது குறையன்று. அதுவும் நாம் கற்க வேண்டிய மொழியே. பாட்டன் பாடிய நூலைப் பேரன் திறக்க இயலாமற் போனதே இழப்பு. தமிழும் அரசகரும மொழியென 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் கூறுகிறது. அவ்வுரிமை நடைமுறையில் வேண்டுமென்று மேடைதோறும் கேட்கிறோம், இனியும் கேட்போம். ஆனால் சட்டத்தால் பெயர்ப்பலகையில் தமிழை எழுதுவிக்கலாம். நம் வீட்டில் ஒரு தமிழ் நூலைத் திறப்பிக்க எந்தச் சட்டத்தாலும் ஆகாது. நாமோ பரீட்சை முடிந்ததும் நூலை மூடிவிடுகிறோம்.

ஆகவே ஒன்று வேண்டுகிறேன். வாரத்தில் ஓர் இரவு, ஒரு வீட்டில் நான்கு குடும்பங்கள் கூடுங்கள். படிக்கத் தெரிந்தவர் உரக்கப் படிக்கட்டும், மற்றவர் கேட்கட்டும். செய்யுள் கடினமாயின் உரைநடையில் தொடங்குங்கள். பிள்ளைகள் குறுக்கிட்டுக் கேள்வி கேட்டால் தடுக்காதீர்கள். திரௌபதை கேட்டதும் கேள்விதானே! கடல் கொந்தளிக்கும் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம் அதற்கு ஏற்ற காலம். அடுத்த பருவத்துக்குள் இவ்வூரில் பத்து வீடுகளிலாவது அத்தகைய இரவுகள் நடைபெற வேண்டும். முதல் இரவுக்கு நூலோடு நானே வருகிறேன்.