பட்டணத்துக் குப்பையும் பக்கத்து ஊர்க் கிணறும்

(கள்ளக்குறிச்சி வட்டார ஊராட்சி உறுப்பினர்கள், விவசாயிகள் முன்னிலையில் ஆற்றிய உரை)



கல்வராயன் மலையிலே பெய்யும் மழை கோமுகி ஆறாக இறங்கி, அடிவாரத்துக் கிணறுகளில் ஊறி, நெல்லாகவும் கரும்பாகவும் மரவள்ளியாகவும் விளைவதை நாம் கண்கூடாகக் காண்கிறோம். ஆனால் மேட்டிலிருந்து வரும் நீர் நன்மையை மட்டுமே கொண்டுவரும் என்பதில்லை. மேட்டிலே குப்பை குவிந்திருந்தால் அதன் சாற்றையும் சேர்த்தே கொண்டுவரும்.

நகரத்துக் குப்பையில் ஏறக்குறையப் பாதி, காய்கறித் தோலும் எச்சில் இலையும் மிஞ்சிய சோறுமேயாகும். தனியே பிரித்து எருக்குழியில் இட்டால் அது வயலுக்கு உரம். பிளாஸ்டிக்கோடும் பழைய மின்கலங்களோடும் கலந்து குவித்தாலோ, காற்றுப் புகாமல் அழுகி எரிவாயுவை உண்டாக்கும். மழைநீர் உள்ளே இறங்கிக் கரிய சாறாக அடியில் கசியும். நிலத்தடி நீரில் அச்சாறு கலந்தபின் அதைப் போக்குவது மிக அரிது.

கோயம்புத்தூர் மாநகராட்சியின் வெள்ளலூர்க் குப்பைக் கிடங்கை நோக்குவோம். அதன் பரப்பு ஏறக்குறைய 650 ஏக்கர். வெள்ளலூரோ, தனிப் பேரூராட்சியாக இருந்த ஊர். குப்பை கொட்டியது ஒரு மன்றம். நாற்றத்தையும் ஈயையும் புகையையும் ஏற்றவர்கள் வேறொரு மன்றத்தின் மக்கள். அவர்களுக்கு மாநகராட்சித் தேர்தலில் வாக்கில்லை. ஆகவே தேசிய பசுமைத் தீர்ப்பாயம்வரை முறையிட நேர்ந்தது. 2024 ஏப்ரலில் அங்குப் பற்றிய தீ ஒரு வாரத்திற்கு மேலும் அடங்கவில்லை. அதை அணைக்க ஏறத்தாழ 76 லட்சம் ரூபாய் செலவானதாக மன்றத்தில் கணக்கு வைக்கப்பட்டது. அத்தொகையில் எத்தனை எருக்குழிகள் வெட்டியிருக்கலாம் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையில் நேர்ந்தது இதனினும் கொடிது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று, குப்பைமேடு சரிந்து வீடுகளை மூடிற்று. முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

கள்ளக்குறிச்சி 2019இல் தனி மாவட்டமாயிற்று. சின்னசேலம், சங்கராபுரம் போன்ற ஊர்களும் வளர்ந்து வருகின்றன. வளரும் ஊர் குப்பைக்கு இடம் தேடும்போது அதன் கண் பெரும்பாலும் அடுத்த கிராமத்துப் புறம்போக்கின் மீதே விழும். அப்போது ஊராட்சி செய்யத்தக்கது யாது?

குப்பை புதைக்கும் இடம் ஆற்றிலிருந்து 100 மீட்டரும், குளம், குடியிருப்பு, குடிநீர்க் கிணறு ஆகியவற்றிலிருந்து 200 மீட்டரும் தள்ளியிருக்க வேண்டுமென்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வகுத்தன. முதலில் சங்கிலி பிடித்து அளந்து பாருங்கள். பின்னர் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி, மாவட்ட ஆட்சியருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திற்கும் அனுப்புங்கள். நகராட்சியும் ஊராட்சியும் ஒருங்கே அமரும் இடமும் ஒன்றுண்டு. அதுவே மாவட்டத் திட்டக் குழு. நீரைப் பங்கிடுதலும் சுற்றுச்சூழலைக் காத்தலும் இரு தரப்பாருக்கும் பொதுவான விஷயங்கள் என்று அரசியலமைப்பின் 243 இசட்.டி. பிரிவு கூறுகிறது. அக்குழுவிலே இப்பேச்சை எழுப்புவோர் குறைவு என்பது நமது கருத்து.

நம் ஊர்க் குப்பையை ஏரிக்கரையில் கொட்டிவிட்டு நகராட்சியைக் குறை கூறினால் யாரும் செவிசாய்க்கமாட்டார். மேகம், பெரியார் அருவிகளுக்கு வருவோர் எறியும் பைகளும் புட்டிகளும் மலையோடு நின்றுவிடுவதில்லை. வெள்ளத்தோடு கீழேயே வருகின்றன. அங்கும் குப்பைத் தொட்டியும் காவலும் வேண்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறோம். குப்பை வருமுன்பே கிணற்று நீரைச் சோதித்து வையுங்கள். முன்னைய கணக்கு இல்லாவிடில், நீர் கெட்டது குப்பையால்தான் என்று பின்னர் நிலைநாட்ட இயலாது. இடத்திற்கு மேற்புறம் ஒரு கிணறு, கீழ்ப்புறம் இரண்டு கிணறுகள் போதும். சுத்தமான புட்டியை அதே நீரால் அலசி நிரப்பி, கிணற்றின் சர்வே எண்ணையும் தேதியையும் எழுதி, குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் கொடுங்கள். கோடையில் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை. அறிக்கைகளை ஊராட்சி அலுவலகத்திலேயே கோப்பாக வைத்திருங்கள்.